இரு உலகம் காணும் கண்

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் சைமன்ஸ் டவுன் என்னும் சிறு துறைமுக நகரை அடையலாம். ஒருபுறம் மலைச்சாரல்; மறுபுறம் நீல நிறக் குடா. நகரைக் கடந்து கடற்கரைப் பாதையிலே நடந்துகொண்டிருந்தபொழுது, வேலியோரத்துப் பற்றையினுள்ளிருந்து கழுதை கத்துவது போன்றதோர் ஒலி எழுந்தது. கழுதையைத் தேடிய எனக்குக் காட்சியளித்ததோ, என் முழங்காலளவே உயரமுள்ள ஒரு பறவை. கரிய முதுகும் வெண்ணிற மார்புமாக, சபைக்குச் செல்லும் கனவானைப் போல அது நிமிர்ந்து நின்றது. ஆபிரிக்கப் பென்குயின் என்பது அதன் பெயர். அதன் குரலைக் கேட்டவர்கள் அதற்குக் 'கழுதைப் பென்குயின்' என்று மற்றுமொரு பெயரும் இட்டுள்ளனர்.

பென்குயின் என்றதும் பனிப்பாறைகளே நம் நினைவுக்கு வரும். இங்கோ பனியும் இல்லை, பாறைபோல் உறைந்த கடலும் இல்லை. வெண்மணற் பரப்பிலே யானைகள் படுத்திருப்பன போன்ற பெரும் கருங்கற் பாறைகள்; அவற்றின் இடுக்குகளிலே பென்குயின் குடும்பங்கள். போல்டர்ஸ் எனப்படும் இக்கரைக்கு 1982ஆம் ஆண்டில் இரண்டே இரண்டு சோடிகள் வந்து குடியேறின. அவற்றின் வழி பின்னர் ஆயிரக்கணக்காய்ப் பெருகிற்று. பார்க்க வருவோர் அவற்றின் வளைகளை மிதித்துவிடாதிருக்க, மரப்பலகையாலான நடைபாதை அமைத்திருக்கின்றனர்.

அப்பலகைப் பாதையிலே நின்றபொழுது ஒரு பென்குயின் தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என்னை உற்று நோக்கியது. பின்பு தள்ளாடி நடந்து சென்று அலையினுள்ளே பாய்ந்தது. கரையிலே கிழவனைப் போல் நடந்தது, நீரினுள்ளே அம்பாகிவிட்டது! நடையும் நீச்சலும் வியப்பே. ஆயினும் அதனினும் பெரிய வியப்பொன்று என்னைப் பற்றிக்கொண்டது. என்னைக் கண்ட அதே கண்தானே இப்பொழுது நீரின் கீழ் மீனைக் காண்கின்றது? அஃது எவ்வாறு இயலும்?

குளத்திலோ கேணியிலோ மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்கள் இவ்வினாவின் பொருளை அறிவர். நீரினுள்ளே நமக்கு எல்லாம் மங்கலாகவே தோன்றும். நமது கண்ணின் முன்புறத்தே கடிகாரக் கண்ணாடி போல் வளைந்திருக்கும் ஒளிபுகும் படலத்தை விழிவெண்படலம் என்பர். கண்ணினுள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றிலிரண்டு பங்கைச் செய்வது இதுவே. மூக்குக்கண்ணாடிக்கு வைத்தியர் எழுதும் டயொப்டர் என்னும் அளவிலே கூறின், இதன் வலிமை 43 அளவாகும். ஆனால், ஒளியை முறிக்கும் தன்மையில் இப்படலமும் நீரும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே நீரில் மூழ்கியதும் அவ்வலிமை அநேகமாக முற்றும் அழிந்துவிடுகின்றது.

நீரினுள் நன்கு காணும் பென்குயின் தரையிலே கிட்டப்பார்வையுடையதாகவே இருத்தல் வேண்டும் என முன்னாளில் அறிஞர் பலர் கருதினர். இக்கருத்தை ஆராய்ந்தவருள் ஒருவர் கனடாவைச் சேர்ந்த ஜேக்கப் சிவாக் என்பவர். போல்டர்ஸ் கரையில் வாழும் இதே இனத்தின் விழிவெண்படலம் தட்டையானது என்பதையும், நீரிலும் நிலத்திலும் வாழும் வாழ்வுக்கு அத்தட்டைமை துணைபுரிவதையும் 1976ஆம் ஆண்டில் அவர் எடுத்துக்காட்டினார். தென்கடல் தீவுகளில் வாழும் மன்னர் பென்குயினின் விழிவெண்படலம் ஏறக்குறைய 10 டயொப்டர் வலிமையே உடையதெனப் பின்னர் அளந்தறிந்தனர். சிறிதளவே உடையவன் சிறிதளவே இழப்பான் அன்றோ? நீரில் இழக்கும் அச்சிறு வலிமையை உள்ளிருக்கும் வில்லை ஈடுசெய்துவிடுகின்றது. அவ்வில்லையை இயக்கும் தசைகளும், மற்றைப் பறவைகளிற் போலவே, நமது கைகால்களின் தசைகளைப் போன்ற வரித்தசைகளாம். நம் கண்ணினுள் இருப்பனவோ மெல்ல இயங்கும் மழமழப்பான தசைகள்.

நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கும்பொழுது இக்கண்ணின் அமைப்பு மேலும் விரிகின்றது. விழிவெண்படலத்தின் மேற்புறத்தே மெல்லிய கலங்கள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. அவற்றின் மீதுள்ள மிக நுண்ணிய மடிப்புகள் கண்ணீர்ப் படையைப் பற்றி நிறுத்துகின்றன. அதன் கீழே நார்கள் ஒழுங்கு பிறழாது பாய் பின்னியதுபோற் கிடக்கின்றன. அவ்வொழுங்கினாலேயே படலம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கின்றது. யாவற்றுக்கும் உட்புறத்தே ஒற்றை வரிசைக் கலங்கள். படலத்தினுள் ஊறும் நீரை இடையறாது வெளியேற்றுவது அவற்றின் தொழில். அவை ஓய்ந்தால் படலம் வீங்கி வெண்மையாகிவிடும்.

கண்ணின் பின்புறத்தே விழித்திரை. நமது விழித்திரையிலே குருதிக் குழாய்கள் ஓடுகின்றன. பறவையின் விழித்திரையிலோ அவை இல்லை. சீப்புப் போல் மடிந்த கரியதோர் உறுப்புக் கண்ணினுள் நீண்டு நின்று அதற்கு உணவூட்டுகின்றது. நிறம் காட்டும் கூம்புக் கலங்கள் ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு எண்ணெய்த் துளி உண்டு. அவற்றுட் பல நிறமுடையன. புகும் ஒளியை வடிகட்டுவன. ஆபிரிக்கப் பென்குயினின் உறவினமான ஹம்போல்ட் பென்குயினில், ஊதா, நீலம், பச்சை ஆகிய ஒளிகளைச் சிறப்பாய் உணரும் மூவகை நிறப்பொருள்களை 1985இல் கண்டனர். அவற்றின் உச்சங்கள் முறையே 403, 450, 543 நானோமீற்றர். பொதுவாகப் பறவைகளிற் காணப்படும் செவ்வொளிக்குரிய கூம்பு அதில் அகப்படவில்லை. கடல்நீர் செவ்வொளியை முதற் சில மீற்றர்களுக்குள்ளேயே விழுங்கிவிடும். இல்லாத ஒளிக்கு ஏது கூம்பு?

கண்மணியின் செய்தியும் கேட்கத்தக்கது. மன்னர் பென்குயினின் கண்மணி பகலொளியிலே ஊசித்துளை போன்ற சிறு சதுரமாய்ச் சுருங்குகின்றது. இருளிலே பெரு வட்டமாய் விரிகின்றது. இதனால் உட்புகும் ஒளி ஏறக்குறைய 300 மடங்கு வேறுபடுகின்றது. பகலிலேயே விழித்திரை மங்கல் ஒளிக்குப் பழகியிருப்பதால், ஆழத்தின் இருளினுள் பாயும்பொழுது அது தடுமாறுவதில்லை.

மாலையிலே பாறையொன்றின் மறைவில் மற்றொரு பறவையைக் கண்டேன். அதன் இறகுகள் கிழிந்த பாய் போற் சிலும்பியிருந்தன; காலடியிலே உதிர்ந்த இறகுகளின் குவியல். ஆண்டுக்கு ஒருமுறை இறகு முழுவதும் உதிர்ந்து புதிதாய் முளைக்கும் காலம் அது. ஏறக்குறைய மூன்று வாரங்கள் அது நீரில் இறங்காது, உண்ணாது. முன்பே தின்று சேமித்த கொழுப்பே அதற்கு உணவு. அந்நோன்புக்கு முன்னும் பின்னும் சாளையும் நெத்தலியும் நிறையக் கிடையாவிடில் அது பிழைப்பதரிது. அசையாது நின்று கடலையே நோக்கிக்கொண்டிருந்தது.

அக்கடலிலே மீன் குறைந்துவிட்டது. பெருவலைகள் அள்ளிச் சென்றது ஒருபுறம். நீரின் இயல்பு மாறி மீன்கூட்டங்கள் இடம் பெயர்ந்தது மறுபுறம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பத்து இலட்சத்துக்கும் மேலிருந்த இவ்வினம், இன்று பதினாயிரம் சோடிகளுக்கும் குறைவு. 2024ஆம் ஆண்டில் இதனை மிக அருகி அழியும் நிலையிலுள்ள இனமென அறிவித்தனர். 2025 மார்ச்சில், நீதிமன்றத்தின் கட்டளையாக்கப்பட்ட இணக்கமொன்றின்படி, ஆறு குடியிருப்புகளைச் சூழ்ந்த கடலிலே அம்மீன்களைப் பெருவலையிட்டுப் பிடிப்பது பத்தாண்டுகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. இது வீண் முயற்சியன்று. போல்டர்ஸ் கரையிலே இரண்டு சோடிகள் பல்கிப் பெருகியதற்கும், அக்குடாவில் பெருவலை மீன்பிடி குறைந்தமை துணைசெய்தது என்பர்.

பென்குயினுக்குத் தரையிலே கிட்டப்பார்வை என்று ஒருகாலத்தில் நாம் கூறினோம். அதன் கண்ணையோ நீரும் நிலமும் ஒருங்கே காண இயற்கை சமைத்திருக்கின்றது. ஆயினும் இல்லாத மீனை எக்கண்தான் காணும்? நாளை வேண்டியதை இன்றே அள்ளிவிட்ட நமக்கன்றோ கிட்டப்பார்வை! இருள் கவியத் திரும்பி நடந்தேன். பாறையோரத்துப் பறவை இன்னும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றது.