பெயர் எழுதுவது பற்றி

'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற சென்னைக் குழுவின் 'மகிழ்ச்சி' இசைத்தொகுப்பு 2019-ல் வெளிவந்தது. நான் அதைக் கேட்டது வெகு தாமதமாக, ஒரு ஆடி மாதத்தில், குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு அந்தியூர் வந்திருந்த என் தம்பி மகனின் போனில். 'கேட்டுப் பாருங்க பெரியப்பா, உங்களுக்குப் புடிக்காதுன்னுதான் நெனைக்கறேன்' என்று சொல்லிக் கொடுத்தான். இரண்டாவது பாதியில் ஒரு விமர்சனம் இருந்தது. அது இசையைப் பற்றியதல்ல.

காதில் குமிழ்களைச் செருகிக்கொண்டு ஆசாரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். கிட்டார், டிரம்ஸ், அவற்றுக்கு நடுவே கானாக் குரல். கொஞ்ச நேரத்தில் தப்பட்டை. சென்னைக்காரர்கள் பறை என்கிறார்கள். எங்கள் பக்கம் தப்பட்டைதான். தலைக்குள்ளேயே யாரோ அடிப்பது மாதிரி இருந்தது. நான் குமிழ்களைப் பிடுங்கிவிட்டேன். இசை பிடிக்காததால் அல்ல. அந்த வீட்டில், அந்த ஆசாரத்துக்குள், அந்த ஓசையை அவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதில்லை. அது எப்போதும் வாசலுக்கு வெளியிலிருந்துதான் வரும்.

என் சாதியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தியூரில் தப்பட்டை கேட்கிற சாதி, அடிக்கிற சாதியல்ல.

1979-ல் அப்பா இறந்தார். விடிவதற்குள் தப்பட்டைக்காரர்கள் வந்துவிட்டார்கள். சொல்லியனுப்பினார்களா, தாமாகவே வந்தார்களா என்றுகூட நான் யோசிக்கவில்லை. வேலியோரம் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டு மத்தியானம்வரை அடித்தார்கள். அவர்களுக்குத் தேங்காய்த் தொட்டியில் காப்பி போயிற்று. எல்லாம் முடிந்தபின் அவர்களில் மூத்தவர் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்க, நான் மேலிருந்து பணத்தைப் போட்டேன். அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். 'சாமி' என்றார். எனக்கு இருபத்திரண்டு. ஈரோட்டில் படித்துக்கொண்டு, சிறுபத்திரிகைகளைத் தேடித்தேடி வாங்கி, மனிதனின் அந்நியமாதல் பற்றி நண்பர்களோடு இரவெல்லாம் விவாதித்துக்கொண்டிருந்த காலம் அது. கை படாமல் பணம் போடுவதற்கும் அந்த விவாதத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கூட்டத்தில் வேறு யாருக்கும் தோன்றியதாகவும் ஞாபகமில்லை.

அந்த வாத்தியம் நான் நினைத்ததைவிடச் சிக்கலானது. மரச்சட்டத்தில் கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுகிறார்கள். தடித்த அடிக்குச்சி ஒரு கையில், நீளமான மெல்லிய சிம்புக்குச்சி மறு கையில். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும்; நெருப்பில் காய்ச்சினால் விறைத்து சுருதி ஏறும். ஆக நெருப்பும் வாத்தியத்தின் ஒரு பகுதி. இப்போது ஃபைபர் முகமும் திருகாணியும் வைத்த பறைகள் விற்கின்றன. நெருப்பு வேண்டாம், மழையிலும் அடிக்கலாம். வசதிதான். ஆனால் தோல் சூடாறி இறங்க இறங்க ஓசை மாறுகிற அந்த மாற்றம் அதில் கிடையாது.

ராக் இசையில் ஒலிப்பதிவு அறை என்பது ஒரு தத்துவமாகவே ஆகிவிட்ட விஷயம். பீட்டில்ஸ் 1966-ல் மேடைக் கச்சேரிச் சுற்றுப்பயணங்களை நிறுத்திவிட்டு அறைக்குள் போனார்கள். 1967-ல் 'சார்ஜண்ட் பெப்பர்' வந்தது. நான்கு தட ஒலிப்பதிவுக் கருவியில், தடத்தின்மேல் தடமாக அடுக்கிச் செய்தது. மேடையில் வாசிக்க முடியாததை அறைக்குள் சிருஷ்டிக்கலாம் என்பதே அதன் பெருமை. அவர்களுக்கு உள்ளே போவது ரசிகர் கூச்சலிலிருந்து விடுதலை. தப்பட்டைக்கு உள்ளே போவது என்பது வேறு. அதைத் தெருவில் நிறுத்தியது வாசிப்பவரின் இஷ்டம் அல்ல.

'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தபோது அந்தக் கேசட்டை நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டு நாடாவைத் தேய்த்தோம். இளையராஜா அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்திருந்தார். சினிமாவுக்கு வெளியே தமிழில் இப்படியும் செய்ய முடியும் என்ற பரவசம் எங்களுக்கு. இன்றும் அது எனக்குப் பெரிய படைப்புதான். ஆனால் அந்தச் சமர்ப்பணம் எங்களுக்கு எவ்வளவு லகுவாக இருந்தது என்பதை இப்போது யோசிக்கிறேன். இரண்டு பெயர்களும் நாங்கள் மரியாதை செய்யப் பழகியிருந்த பெயர்கள்.

இந்தக் குழுவோ தன் பெயரை அயோத்திதாசரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. தாழ்த்தப்பட்டவர்கள் தங்களைச் சாதிபேதமற்றவர்கள் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னவர், 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியவர். சிறுபத்திரிகை மரபைப் பற்றி எழுதும்போது நாங்கள் அங்கிருந்து ஆரம்பித்ததே இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், தென்மா என்ற இசையமைப்பாளர் சேர்த்துத் திரட்டிய 19 பேர், 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறினார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். வடசென்னைச் சாவு வீடுகளில் பாடப்பட்ட கானாவும் ராப்பும் கிட்டாரும் ஒரே மேடையில். இசைவாணி என்ற பெண்ணும் அதில் கானா பாடினார். ஆண்களே பாடிவந்த இடம் அது.

தொகுப்பில் எனக்குக் குறைகள் தெரிகின்றன. சில இடங்களில் கிட்டாரின் இரைச்சல் சிம்புக்குச்சியின் நுணுக்கமான ஓசையை மூடிவிடுகிறது. தப்பட்டை தனியாகப் பேச இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம். சில வரிகள் கோஷமாகவே நின்றுவிடுகின்றன. நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் உற்சாகமாகி, 'கோஷம் கலையாகாது, நாம் நாற்பது வருஷமாகச் சொல்வதுதானே' என்றார். சொன்னோம்தான். ஆனால் அவர் சொன்ன வேகம் எனக்குச் சங்கடமாக இருந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு இக்குழுவுக்கு உண்டு. அதன் எள்ளல் அசலானது. நாங்கள் கோஷம் என்று ஒதுக்கியவற்றில் எவ்வளவு, கேட்கச் சகிக்காமல் ஒதுக்கியது? பட்டியல் போட எனக்குத் தைரியமில்லை.

திருவிழாவின்போது குதிரைச் சந்தைப் பக்கம் போனேன். மேளத்துக்குக் காலெடுத்து வைக்கும் குதிரையைச் சுற்றிக் கூட்டம். விலை விசாரித்தார்கள், எந்த ஊர்க் குதிரை என்று விசாரித்தார்கள், அதன் பெயரைக்கூட விசாரித்தார்கள். அடித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை, வேடிக்கை பார்த்துவிட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இசைத்தொகுப்பு என்றால் யார் எதை வாசித்தார் என்று பெயர் எழுதுவது உலக வழக்கம். அன்று இரவு அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அக்காவிடம் கேட்டேன். அவளுக்கு எண்பது நெருங்குகிறது. எங்கள் வீட்டு ஞாபகம் முழுவதும் அவளிடம்தான் இருக்கிறது. அப்பாவின் சாவுக்கு வந்த உறவுக்காரர்கள் யார் யார், எந்த வண்டியில் வந்தார்கள் என்று இன்றும் சொல்வாள்.

'அன்னிக்குத் தப்பட்டை அடிச்சாரே, வயசானவர், அவர் பேரென்னக்கா?'

'அடிச்சாரா?' என்று என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வெகு நேரம் யோசித்தாள்.

'பேரு தெரீலியே சாமி. வருசத்துக்கு ரெண்டு வள்ளம் கம்பு அளப்போம். அது நல்லா நெனப்பிருக்குது.'