டபுள் கேப் வண்டியும் அந்த நாலு பேரும்



அம்பத்தூரில் பிளம்பிங் கான்ட்ராக்ட் செய்யும் என் தங்கை மகன், "டபுள் கேப் பிக்கப் வாங்கணும், கூட வாங்க மாமா" என்றான். இரண்டு வாரமாக ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்குகிறோம்.

அவன் மனசு இசுஸு வி-கிராஸில். நம் பக்கத்து ஸ்ரீசிட்டியில் தயாராவது. வெள்ளை போர்டு, கார் போலச் சொகுசு. 2022இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் அழகுதான். ஆனால் விலை அதிகம். இரண்டுமே ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளம். எங்கள் தெருமுனையில் ஒரே மூச்சில் திரும்பாது.

மஹிந்திரா பொலேரோ கேம்பர் நீளம் குறைவு, ஒரு டன் ஏற்றலாம். மஞ்சள் போர்டு என்பதால் முதல் 8 ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., பிறகு ஆண்டுதோறும். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே இதற்குப் போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "உன் ஆளுங்க நாலு பேர் எங்கே உட்காருவாங்க?"

இப்போது குட்டி யானையில் பைப்புகளுக்கு நடுவே நின்றபடி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் போகிறார்கள். சரக்கு ஏற்றும் இடத்தில் ஆள் ஏற்றுவது குற்றம். அதைவிட, திடீர் பிரேக் போட்டால் அவர்கள் கதி என்ன? அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். டபுள் கேப் என்றால் முன்னால் ஒருவர், பின்சீட்டில் மூவர், பெல்ட் போட்டுக்கொண்டு நனையாமல் போகலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த நால்வரையும் அழைத்துப்போய் உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கேம்பர் வைத்திருக்கும் பிள்ளைகள் மைலேஜும், பின்சீட்டில் கால் நீட்ட இடமிருக்கிறதா என்பதும் எழுதுங்கள்.