நின்று கொண்டு சாப்பிடும் மான்!

மான் என்றால் குனிந்து புல் மேயும் என்றுதானே நினைக்கிறோம்? கென்யாவின் வடக்கே, சம்புரு சரணாலயத்தில் ஒரு விசித்திர மான் இருக்கிறது. 'ஜெரனுக்' என்று பெயர். ஒட்டகச்சிவிங்கிக்கு இருப்பது போல நீண்ட கழுத்து!

நைரோபியில் வேலை பார்க்கும் என் தம்பிதான் அழைத்துப் போனான். 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம். வழியில் நான்யுகி என்ற ஊரில் பூமத்திய ரேகையைத் தாண்டுகிறோம். அதன்பின் வெயிலும் செம்மண் புழுதியும்தான்.

காலை ஏழு மணி இருக்கும். நம் கருவேலத்துக்கு உறவான ஒரு முள்மரத்தடியில் அது பின்னங்கால்களில் நேராக எழுந்து நின்றது. பரணில் இருக்கிற டப்பாவை நாம் எக்கி எடுப்போமே, அதேபோல! முன்னங்கால்களால் கிளையை வளைத்து, ஆறடிக்கு மேலே உள்ள தளிரைக்கூடப் பறித்துத் தின்கிறது. இலையில் உள்ள ஈரமே போதுமாம். தண்ணீரைத் தேடி அலைவதே இல்லை.

கொம்பு இல்லாததால் அது பெண் மான். தின்பதும், பக்கத்துப் புதரைப் பார்ப்பதுமாக இருந்தது.

"இன்னும் கிட்டே போகலாமே, அக்காவுக்குப் படம் நன்றாக விழும்" என்றான் தம்பி.

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். "வேண்டாம் மாமா, குட்டி அங்கே படுத்திருக்கும்" என்றார் என்னிடம். (ஸ்வாஹிலியில் அம்மாவை 'மாமா' என்பார்கள்!) இந்தத் தாய் குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு, வேளைக்கு வந்து பால் கொடுக்குமாம். வாசனை பிடித்துச் சிறுத்தையோ நரியோ வராதபடி, குட்டியின் கழிவைக்கூடத் தானே தின்று சுத்தம் செய்துவிடுமாம். நாம் நெருங்கினால் தாய் மிரண்டு ஓடும். குட்டி பசியோடு கிடக்கும்.

"இங்கிருந்தே எடுக்கிறேன், போதும்டா" என்று சொல்லிவிட்டேன். படத்தில் மான் விரல் நகம் அளவுதான். ஆனாலும் நின்ற கோலம் தெளிவாக விழுந்திருக்கிறது.

போகிற சகோதரிகளுக்கு: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைக் கேளுங்கள். காமிராவைப் புழுதி படாமல் பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வண்டி பாதையை விட்டு இறங்க வேண்டாம். எந்தப் புதரில் எந்தக் குழந்தை தூங்குகிறதோ!