நகலின் நகல்

பிரிட்டிஷ் மியூஸியத்தில் அந்தத் தங்கக் காசுகளைப் பார்த்தபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியவை. ஒரு பக்கம் குதிரை. ஆனால் உடம்பு ஒட்டவில்லை. கால்கள் தனி, கழுத்து தனி. கீழே ஒற்றைச் சக்கரம், எந்த வண்டியுடையது என்று தெரியாமல் கிடக்கிறது.

இவற்றின் பூர்வீகம் கிரேக்கம். அலெக்ஸாந்தரின் தந்தையான மாஸிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப், கி.மு. நான்காம் நூற்றாண்டில் அடித்த தங்க ஸ்டேட்டர். முன்புறம் மாலை சூடிய அப்போலோ. பின்புறம் இரட்டைக் குதிரை ரதம், சாரதி, மன்னன் பெயர். கூலிப்படையாய்ப் போன கெல்ட்டியர் சம்பளமாக வாங்கி வந்திருக்கலாம் என்கிறார்கள். காலியாவில், அதாவது இன்றைய பிரான்ஸில், இனக்குழுக்கள் அதைப் பார்த்துத் தாமும் அடித்தன. நகலைப் பார்த்து நகல், அதைப் பார்த்து இன்னொன்று. கடல் தாண்டிப் பிரிட்டன் வந்து சேர்வதற்குள் குதிரை ஒன்றாகிவிட்டது. சாரதி சில புள்ளிகளாகிவிட்டான். அப்போலோவின் முகம் போய், இல்லாத தலையில் மாலை மட்டும் இருக்கிறது.

ஜான் எவன்ஸ் இந்தப் படிப்படியான மாற்றத்தை வரிசைப்படுத்திக் காட்டினார். 1864ல் வந்த அவருடைய நூல் பிரிட்டானியக் காசுகளுக்கு அடிப்படை. காகித ஆலை நடத்தியவர். பிரதி எடுப்பதில் எது தேயும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 1929ல் பாரீஸில் பத்தாய், தாமே காசுப் பிரிவில் நூலகராக இருந்தவர், இதைத் தலைகீழாக்கினார். இது தேய்வு அல்ல, கிரேக்க ஒழுங்கின் மேல் காட்டிய மறுப்பு என்றார். எனக்கு அதுவும் முழுசாகச் சம்மதமில்லை. தம் காலத்துச் சண்டைக்கு அவருக்குக் காட்டுமிராண்டிகள் தேவைப்பட்டார்கள். அச்சு செதுக்கியவன் ஏதென்ஸை எதிர்த்து உளி பிடித்திருக்க மாட்டான். ஆனால் பாரிஸீ குழுவின் காசில் குதிரைக்கு மேலே மீன்வலைபோல் ஒன்று விரிகிறதே, அது கை வராதவன் கோடு அல்ல.

சிரித்தது ஏன் என்று யோசித்தேன். 1979ல் ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு விமர்சனம் எழுதினேன். ‘அன்னியக் கவிதையின் நகலுக்கு நகல்’ என்பது அதில் என் வாசகம். நண்பர்கள் மெச்சினார்கள். அவர் அப்புறம் எழுதவில்லை. என் விமர்சனம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் அகந்தை எனக்கில்லை. இல்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை.

அடுத்த வரிசையில் குனோபெலினின் காசு. இன்றைய கோல்செஸ்டரிலிருந்து ஆண்டவன். ஒரு பக்கம் தானியக் கதிர், தலைநகரின் பெயர்ச் சுருக்கம். மறுபக்கம் குதிரை. ரோமானிய பாணி வந்து சேர்ந்துவிட்டது. குதிரைக்கு முழு உடம்பு திரும்பிவிட்டது. அவன் இறந்து சில ஆண்டுகளில், கி.பி. 43ல், ரோமப் படையே வந்து இறங்கியது. லட்சணமான காசுதான். எனக்கு அதன்முன் நிற்கத் தோன்றவில்லை. பழைய குதிரைக்கே திரும்பினேன்.

அந்தக் காசுகளில் ஒரு விசேஷம். அச்சு பெரும்பாலும் காசைவிடப் பெரியது. அடிக்கும்போது படத்தின் ஒரு பகுதிதான் பொன்னில் விழும், காசுக்குக் காசு வேறு பகுதி. ஒரே அச்சில் விழுந்த பல காசுகளைச் சேர்த்துவைத்துத்தான் முழு உருவத்தை ஊகிக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்தப் பத்திரிகையைப் பரணிலிருந்து எடுத்தேன். அவருடைய தொகுப்பு என்னிடம் இல்லை. விசாரித்த இடங்களிலும் இல்லை. கேலி செய்வதற்காக என் விமர்சனத்தில் எடுத்துப்போட்ட ஆறு வரிகள் இருக்கின்றன. அதிலும் கடைசி வரியை நடுவிலேயே வெட்டியிருக்கிறேன்.