கோபேர்க் நகரின் கறுப்பு முகம்

ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தின் வட எல்லையில் கோபேர்க் என்றொரு நகரம் உண்டு. ஏறத்தாழ 40 ஆயிரம் மக்கள் வாழும் சிறு நகரம். ஒரு காலத்தில் இலங்கையையும் ஆண்ட விக்ரோறியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் 1819 இல் பிறந்தது, இந்நகரை அடுத்துள்ள ரோசனௌ மாளிகையிலேதான். பிரித்தானிய அரச குடும்பம் கோபேர்க் என்ற பெயரைத் தன் குடும்பப் பெயரில் 1917 வரை தாங்கி நின்றது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனியப் பெயர் சங்கடமாகிவிடவே, வின்சர் என்று மாற்றிக்கொண்டார்கள். கோபேர்க் நகரமும் ஒருமுறை தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டது. அதன் காரணம் வேறு.

அந்நகரின் இலச்சினையில் சிங்கமோ கழுகோ இல்லை. பொன்னிறக் கேடயத்தின் நடுவே ஒரு கறுப்பின மனிதனின் தலை. காதில் ஒரு வளையம். வீதியில் பதித்துள்ள வடிகால் மூடிகளிற்கூட இந்த முகத்தைக் காணலாம். அவர் நகரின் பாதுகாவலரான புனித மொறிசியஸ். ஜேர்மனியர் அவரை மோறிற்ஸ் என்பர். நகரின் பழைய தேவாலயமும் அவர் பெயரையே கொண்டது.

கிறிஸ்தவ மரபு தரும் வரலாறு இதுதான். எகிப்தின் தீப்ஸ் பகுதியில் திரட்டப்பட்ட உரோமப் படையணி ஒன்றுக்கு மொறிசியஸ் தளபதி. கிறிஸ்தவர்களை வேட்டையாடுமாறு பேரரசன் மக்சிமியன் இட்ட கட்டளையை அவரும் அவருடைய வீரர்களும் ஏற்க மறுத்தனர். பத்துப் பேருக்கு ஒருவராக வெட்டிய பின்னரும் அவர்கள் பணியவில்லை. இறுதியில் அனைவரும் கொல்லப்பட்டனர். இது கி.பி. 286 அளவில் இன்றைய சுவிற்சர்லாந்தில் நடந்ததாகச் சொல்லப்படுகின்றது. கொல்லப்பட்டோரின் தொகையை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. எனினும் கதையின் உட்பொருள் தெளிவானது: அநீதியான கட்டளைக்குப் பணிய மறுத்த ஒரு போர்வீரன்.

அவரை ஆபிரிக்க முகத்தோடு காட்டும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. மக்டபூர்க் பேராலயத்தில் உள்ள, 1240 அளவில் செதுக்கப்பட்ட சிலை அதற்குச் சான்று. சங்கிலிக் கவசம் அணிந்த அந்த வீரரின் முகத்தில் இழிவின் சாயல் சிறிதும் இல்லை. ஜேர்மனியர் கறுப்பினத்தவரைக் குறிக்க வழங்கிய 'மோர்' என்ற சொல், 'மௌறுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இலங்கைச் சோனகரைப் போர்த்துக்கேயர் அழைத்த பெயரும், இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் 'மூர்' என்ற பெயரும் அதே வேரிலிருந்து முளைத்தவையே.

இனி வருவதுதான் என்னைச் சிந்திக்க வைத்த பகுதி. 1922 ஒக்டோபரில் ஹிட்லர் தன் ஆதரவாளர்களுடன் கோபேர்க்குக்கு வந்து வீதிகளில் மோதல் நடத்தினார். 1929 இல் நடைபெற்ற நகரசபைத் தேர்தலில் அவரது கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது. ஜேர்மனியில் நாஸிகளிடம் இவ்வாறு வந்த முதல் நகரம் இதுவே. ஹிட்லர் நாட்டின் ஆட்சியைப் பிடிப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே இது நடந்துவிட்டது. பணிய மறுத்தவரின் முகத்தைச் சின்னமாகச் சுமந்த நகரமே முதலில் பணிந்தது!

ஆபிரிக்கரின் முகம் ஒரு 'ஆரிய' நகருக்குப் பொருந்தாதல்லவா? 1934 இல் அதனை அகற்றினார்கள். அதன் இடத்தில் ஒரு வாள் வந்தது. வாளின் பிடியில் சுவஸ்திகா. அடுத்த சில ஆண்டுகளில் நகரின் யூத சமூகம் அழிந்தது. எஞ்சியிருந்தோர் 1941, 1942 ஆம் ஆண்டுகளில் நாடு கடத்தப்பட்டனர். 1945 இல் அமெரிக்கப் படை நகருள் புகுந்தது. அவ்வாண்டிலேயே வாள் நீங்கி, மொறிசியஸ் மீண்டும் கேடயத்தில் அமர்ந்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ் புளொயிட் 2020 இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, உலகெங்கும் பழைய சின்னங்கள் விசாரணைக்கு உள்ளாயின. கோபேர்க் இலச்சினையின் தடித்த உதடும் காது வளையமும் கறுப்பினத்தவரைக் கேலிப்படுத்தும் வார்ப்பு என்றும், அதனை நீக்க வேண்டும் என்றும் கோரும் மனு எழுந்தது. அது புனிதரின் திருவுரு என எதிர் மனுவும் எழுந்தது. நகர நிர்வாகம் இலச்சினையை மாற்றவில்லை.

ஆக, ஒரே முகத்தை இனவெறியர் ஒருமுறை அகற்றினர். இனவெறியை எதிர்ப்போர் இன்னொருமுறை அகற்றக் கோரினர். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. முன்னவர் அந்த மனிதனையே வெறுத்தார்கள். பின்னவர் அவன் வரையப்பட்ட விதத்தைக் கண்டு நொந்தார்கள். மக்டபூர்க் சிலையின் கம்பீரத்தையும் கோபேர்க் கேடயத்தின் கோடுகளையும் ஒப்பிடுவோர் அந்த நோவில் நியாயம் உண்டென்பதை மறுக்கமாட்டார்கள்.

ஆயினும் முகத்தை நீக்குவதை விட, அதைத் திருத்தி வரைவதே தகும் என்பது என் கருத்து. அந்த முகம் நீங்கினால் 1934 இல் நடந்ததை நினைவூட்டும் சாட்சியும் நீங்கிவிடும். அதைவிட முக்கியமானது, அவர் யார், எதற்காக உயிர் கொடுத்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது. 1929 இல் வாக்களித்த கோபேர்க் மக்களும் ஞாயிறுதோறும் மொறிசியஸின் தேவாலயத்துக்குச் சென்றவர்களாகவே இருந்திருப்பர். இலச்சினை அப்போதும் அவர்களின் கண்முன் இருந்தது. அதன் பொருள்தான் நெஞ்சில் இல்லை.