சின்னப் பலகையின் மகிமை

கச்சேரியில் கைதட்டல் எல்லாம் பாடகருக்கே போய்ச் சேருகிறது. தம்பூராவை யாரும் கவனிப்பதில்லை. தையற்கலையிலும் இதே அநியாயம் நடந்து வருகிறது. ஆயுத பூஜையன்று தையல் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய சின்ன இஸ்திரிப் பலகைக்கோ பல வீடுகளில் இடமே கிடையாது!

இயந்திர மோகம் கூடாதென்று சொன்ன மகாத்மா காந்தியே, தையல் இயந்திரத்தை விலக்காக எடுத்துக் காட்டினார். 1924-இல் டில்லியில், சாந்திநிகேதன மாணவராயிருந்த ஜி. ராமச்சந்திரன் கேட்டபோது சொன்னது அது. மனைவி கையால் தைத்துப் படும் சிரமத்தைக் கண்டு சிங்கர் அமைத்த கருவியாதலால், அதன் பின்னே அன்பு இருக்கிறது என்பது மகாத்மாவின் கருத்து. பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து 1947-இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவரும் இதே ராமச்சந்திரன்தான்.

இஸ்திரிப் பலகைக்கும் கௌரவமான சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, பின்னர் நியூ ஹேவன் நகரில் தையல் தொழில் செய்து வாழ்ந்த சாரா பூன் என்ற மாது, பெண்களின் உடைகளிலுள்ள கைப்பகுதியைத் தேய்ப்பதற்கென்றே குறுகலான, வளைந்த பலகை ஒன்றை அமைத்து, 1892-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். வேலையின் கஷ்டம் தெரிந்தவருக்குத்தான் அதற்கேற்ற கருவியும் தோன்றுகிறது.

எங்கள் கம்பத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையைத் தாண்டிச் சாரலும் குளிர்காற்றும் வரும். போர்வை அப்போது ஆடம்பரமன்று, அவசியம். என் தாயார் காலமானபின், அவர் உடுத்திய ஆறு நூல் சேலைகளை வெட்டி, குழந்தைகள் இருவருக்கும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க என் மனைவி முடிவு செய்தாள். நெய்தவர் ஆண்டிபட்டிச் சக்கம்பட்டியில் இருக்கலாம், உடுத்தியவர் இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும் அதில் இன்னொரு கஜம் வாங்க முடியாது. ஒரு துண்டு கருகினால் கருகியதுதான்.

இங்கேதான் பலகை வருகிறது. ஒட்டுத்துணி வேலையில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலமே. தைத்த மூட்டைப் படிய வைக்காவிட்டால், மடிப்புக்குள் ஒரு வீசம் அங்குலம் மறைந்துவிடும். வீசம் என்ன பிரமாதம் என்கிறீர்களா? ஒரு வரிசையில் பன்னிரண்டு மூட்டு இருந்தால் முக்கால் அங்குலம் போய்விடுகிறது! அடுத்த வரிசையோடு அது எப்படிப் பொருந்தும்? ஆகவே ஒவ்வொரு மூட்டையும் தைத்த உடனே அழுத்த வேண்டும். அதற்காக நூறு தடவை எழுந்து கூடத்துக்குப் போய் வர யாரால் முடியும்? பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

விற்பனைக்கு வருபவற்றில் மெத்தென்று நுரைப்பஞ்சு வைத்தவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூட்டு அதில் அமிழ்ந்துவிடும், தட்டையாகாது. அழுத்திச் செய்த கம்பளி விரிப்பு உத்தமம். கம்பளி உஷ்ணத்தைக் கீழே எளிதில் கடத்தாது; தன் எடையில் ஏறக்குறைய முப்பது சதவிகித ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்; சுலபத்தில் தீப்பற்றாது. ஆனால் கம்பளி என்ற பெயரில் வேறு சரக்கும் வரும். ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் கருகும் நாற்றமும், நொறுங்கும் சாம்பலும் வந்தால் கம்பளி; உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை.

வீட்டிலேயே செய்துகொள்வது இன்னும் சுலபம். பதினெட்டு அங்குல நீளம், பன்னிரண்டு அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு பலகை, வார்னிஷ் கூடாது. அதன்மேல் பழைய கம்பளியை இரண்டு மடிப்பாகப் போட்டு, துவைத்துச் சாயமற்ற பழைய வேஷ்டியை இறுக்கி இழுத்து, அடிப்புறத்தில் ஆணி அடித்துவிட வேண்டியது. செலவு அதிகமில்லை, தபாலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்.

உபயோகிக்கும் முறையும் முக்கியம். பெட்டியை இழுத்துத் தேய்த்தால் துணி கோணும். வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். பெட்டியிலுள்ள ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200 வரை என்று பொருள். பருத்தி மூன்று புள்ளியைத் தாங்கும். பலமுறை வெளுத்து நைந்த சேலைக்கு இரண்டே போதும். பெட்டியை எடுத்ததும் ஒரு வழவழப்பான மரக்கட்டையால் மூட்டை அழுத்தி, ஆறும்வரை விட்டுவையுங்கள். ஈரமும் சூடும் பருத்தி இழையின் பிடிப்பைத் தளர்த்துகின்றன. ஆறும்போதுதான் அது புதிய நிலையில் இறுகுகிறது. வேலை முடிந்தபின் பலகையைக் காற்றாட வைக்காவிட்டால் கம்பளி நாறும்.

நம் ராஜ்யத்தில் ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் இலவசத் தையல் இயந்திரம் வழங்கி வருகிறது, நல்ல காரியம். அந்த இயந்திரத்தை நம்பிப் பிழைப்பவர்கள், படியாத மூட்டோடு கொடுக்கும் ரவிக்கைக்குப் பேரம் பேசப்படுவதை அறிவார்கள். தையல் நேர்த்தியாயிருந்தும், முடிப்பு நேர்த்தியாயில்லாததால் கூலி குறைகிறது. ஒரு முழப் பலகையும் ஒரு துண்டுக் கம்பளியும் அந்தக் கூலியை மீட்டுத் தருமென்றால், அவற்றுக்கும் வரும் ஆயுத பூஜையில் ஒரு பொட்டு வைப்பதில் தவறென்ன?