கரிக்காத தண்ணீர்

ஹரியானாவின் கைத்தல் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் தெளிவாக வரும். நாக்கில் வைத்தால் கரிக்காது. இங்கே கோதுமை விவசாயிகளோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகு, கரிக்கிற தண்ணீரைவிட இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

உவர் நீரைச் சமாளிக்க வழி உண்டு. முளைப்புக்கு வாய்க்கால் தண்ணீர் கொடுத்து, வேர் பிடித்தபின் உவர் நீரைப் பாய்ச்சினால் கோதுமை ஓரளவு தாங்கும். கரிக்காத இந்தக் களர் நீரின் வேலையே வேறு. அதிலுள்ள பைகார்பனேட், மண்ணின் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடும்; காலியான இடத்தில் சோடியம் ஏறிக்கொள்ளும். களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும். பாய்ச்சிய தண்ணீர் நாள்கணக்கில் மேலே நிற்கும், அடிமண் காய்ந்து கிடக்கும். அதனால் வயலுக்குப் போனால் பயிரைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர் எப்போது வடிந்தது என்றுதான் கேட்பேன். குறிப்பாக முதல் பாசனத்தில், விதைத்த 21ஆம் நாள் வாக்கில். தூரடியில் புது வேர் இறங்கும் நேரம் அது. அப்போது தண்ணீர் தேங்கினால் பயிர் மஞ்சளிக்கும். உடனே யூரியாவை அள்ளி வீசுவார்கள். வேர் மூச்சுமுட்டிக் கிடக்கும்போது யூரியா என்ன செய்யும்?

மருந்து ஜிப்சம்தான். ஆனால் கைக்கு வந்தபடி போடுவது வீண். கால்சியம், மக்னீசியம் போக மிஞ்சும் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டினால் கணக்குப் போட வேண்டும். தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும், 7.5 செ.மீ. பாசனம் ஒன்றுக்கு, ஏக்கருக்குச் சுத்த ஜிப்சம் சுமார் 26 கிலோ. மிச்சம் 5 இருக்கும் தண்ணீரை ஐந்து முறை பாய்ச்சினால் 325 கிலோ. மூட்டையில் இருப்பது 70 சதவீதச் சரக்கு என்றால் 465 கிலோ ஆகிவிடும். வாங்குமுன் தரத்தைக் கேளுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஆழ உழுது புதைக்கவும் கூடாது. மேல் 10 செ.மீ. மண்ணில் கலந்தால் போதும். மழைக்கு முன் போட்டுவிட்டால், விடுபட்ட சோடியத்தை மழையே கீழே இறக்கிவிடும்.

எனக்கு வருத்தம் தருவது அடுத்த ஆண்டுதான். மகசூல் ஏறியதும் ஜிப்சத்தை நிறுத்திவிடுகிறார்கள். மண் தேறியிருக்கலாம், கிணறு மாறவில்லையே. ஒவ்வொரு பாசனமும் புதிதாகச் சோடியத்தைக் கொண்டுவருகிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சும்வரை, விதை வாங்குவதைப் போல ஜிப்சத்தையும் ஆண்டுதோறும் செலவுக் கணக்கில் எழுதியே ஆகவேண்டும்.